தலையாட்டிய சாட்சி

மலாய் படிப்பது சுலபம் என்றுதான் பினாங்கில் கப்பலைவிட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். வேற்றுமை உருபு கிடையாது, காலம் காட்டும் விகுதி கிடையாது. நாலு சொல்லைக் கோத்துச் சொன்னால் பாசாரில் மீன் வாங்கிவிடலாம். பலருக்கு அதற்கு மேல் வராது. எனக்கு வந்தது. அதனால்தான் கோர்ட்டில் துபாஷி வேலை கிடைத்தது. சாட்சிக்காரன் மலாயிலோ தமிழிலோ சொல்வதை நீதிபதிக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நீதிபதி சொல்வதை அவனுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் நான் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் போய், என் பெயரைச் சொல்லி அம்பலவாணர் வீடு எது என்று கேட்டால் சிலருக்குத் தெரியாமல் போகலாம். துபாஷி ஐயா வீடு என்றால் ரிக்ஷாக்காரன்கூடக் கேள்வி கேட்காமல் கொண்டுவந்து விடுவான்.

வாக்குமூலத்தை எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல் என்றீர்கள், ஐயா. நீங்களும் தமிழர் என்பதால் தமிழிலேயே சொல்கிறேன். நடுவில் ஆள் வேண்டாம்.

முத்துக்குமாரு என் மனைவி சிவமலரின் தம்பி. பெருவெள்ளம் வந்து கோலாலம்பூரே தண்ணீரில் கிடந்ததே, அதற்கு அடுத்த வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தான். இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு படித்துத் தேறினால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும். அவனை வரவழைக்க வேண்டும் என்று சிவமலர் கேட்டபோது நான் மறுப்புச் சொல்லவில்லை. முன்னறையை ஒழித்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துச் சட்டை தைக்க நானே கூட்டிக்கொண்டு போனேன். அவனை எனக்குப் பிடிக்கும். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அரசாங்க வேலைக்கு மலாய்ப் பரீட்சையும் தேற வேண்டும் என்பதால் மாலை நேரங்களில் செந்தூலில் என்சே யூசோப் என்கிற மலாய் ஆசிரியர் நடத்தும் வகுப்புக்குப் போய்வந்தான். வகுப்பில் பல சாதிப் பையன்கள். ரயில்வே பட்டறையில் வேலை கற்கும் பஞ்சாபி, கடைக்காரச் சீனனின் மகன், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர். முத்துக்குமாருவுக்கு அன்றைக்குக் கற்ற சொல்லை அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. காய்கறி விற்க வரும் சீனத்தியிடம் பேசுவான். பக்கத்து வீட்டுக் குதிரைவண்டிக்கார மலாய்க்காரரிடம் பேசுவான். ஒருவர் எந்த ஊர் என்பதை அவர் பேசும் மலாயைக் கேட்டே சொல்லிவிடப் பார்ப்பான். அவர்கள் பேசுவதுபோலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பான்.

"நான் பேசுறது சரியோ, அத்தான்?" என்று என்னைக் கேட்பான்.

"பரவாயில்லை," என்பேன்.

அப்படிக் கொஞ்ச காலம் நன்றாகவே போயிற்று.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். சிவமலர் மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"அத்தான், இண்டைக்கு வகுப்பிலை ஒரு பகிடி. கிள்ளான் பக்கம் இருக்கிற ஜாவாக்காரர் மலாய் பேசேக்குள்ளை தங்கடை சொல்லையும் சேத்துக் கலந்துதான் பேசுவினமாம். மலாயிலை 'ஓராங்' எண்டால் ஆள். 'டியா ஓராங்' எண்டால் அவையள். ஆனால் ஜாவாக்காரன் 'ஓரா' எண்டால், 'இல்லை' எண்டு அர்த்தமாம். இப்ப ஒருத்தன் வந்து 'டியா ஓரா மாக்கான்' எண்டு சொல்லுறான் எண்டு வையுங்கோ. அவன் சாப்பிடேல்லை எண்டு சொல்லுறான். நாங்கள் 'டியா ஓராங் மாக்கான்' எண்டு கேட்டு, அவையள் சாப்பிட்டிட்டினம் எண்டு சட்டியைக் கவிட்டு வைச்சிடுவம்."

சிவமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். குழம்பில் உறைப்புக் கூடிவிட்டது என்று சொல்லிக் கை கழுவ எழுந்தேன்.

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். காரணமே இல்லாமல் ஒரு மனிதன் இப்படிச் செய்தான் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

முத்துக்குமாரு வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கொலை வழக்கு நடந்தது. கிள்ளான் ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் கங்காணி ஆற்றில் விழுந்து செத்துப்போனான். தோட்டத்துக் கூலி ரெங்கசாமியும் அவன் பெண்டாட்டி வீரம்மாவும் அப்போது கரையில் அவன் பக்கத்தில் நின்றிருந்தார்கள். கங்காணி வீரம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான் என்று அதற்கு முந்திய வாரம் பெரிய சண்டை நடந்திருந்தது. ஆகவே சந்தேகம் அவர்கள் மேல் விழுந்தது. நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் ஒரே ஒருவன். எதிர்க்கரையில் நீப்பா ஓலை வெட்டிக்கொண்டிருந்த சாரிமான் என்கிற ஜாவாக்காரன்.

சாரிமான் கூண்டில் ஏறினான். பல் கொட்டிய வாய். பாதி மலாய், பாதி என்னவோ. அப்போது இருந்த நீதிபதி சீமையிலிருந்து புதிதாக வந்தவர். அவருக்கு மலாய் தெரியாது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வந்த வக்கீலுக்கும் தெரியாது. அந்த அறை முழுவதும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன கண்டாய் என்று கேட்டார்கள். அவன் ஏதேதோ சொல்லிக் கடைசியில், "டியா ஓரா தோலாக்," என்றான். தோலாக் என்றால் தள்ளுவது. எனக்கு 'டியா ஓராங்' என்று கேட்டது. அவர்கள் தள்ளினார்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, இன்னொரு முறை கேள் என்றார். கேட்டேன். "டியா ஓராங் தோலாக்?" என்றேன். அவன், "யா, யா, டியா ஓரா தோலாக்," என்றான். அப்படிச் சொல்லும்போது தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினான்.

"ஆமாம் என்கிறான், பிறகு ஏன் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டுகிறான்?" என்று நீதிபதி கேட்டார்.

"அது அந்த ஜனங்களின் பழக்கம், பிரபுவே," என்றேன்.

எனக்கு அந்த நேரத்தில் சந்தேகம் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு சின்ன இடறல் இருந்தது. அவன் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் நிறைந்த சபையில், எனக்கு இவன் பேச்சு விளங்கவில்லை, வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்று எந்தத் துபாஷி சொல்வான்? சொன்னால் மறுநாள் அவனை யார் கூப்பிடுவார்கள்? நீங்கள் உத்தியோகம் பார்க்கிறவர், உங்களுக்குத் தெரியும்.

ரெங்கசாமிக்குத் தூக்கு. வீரம்மாவுக்கு ஆயுள் சிறை. தீர்ப்பை அவர்களுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான். வீரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த ஜாவாக்காரரு நாங்க தள்ளலன்னுதானே சொன்னாரு, ஐயா? தலைய ஆட்டினாரே. தொரகிட்ட சொல்லுங்கய்யா."

என்ன சொல்கிறாள் என்று நீதிபதி கேட்டார். அழுகிறாள் என்று சொன்னேன். அழவும்தான் செய்தாள்.

அதோடு அது முடிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குகள். நான் அதை நினைத்துக்கொண்டே இருந்தவன் இல்லை. முத்துக்குமாரு அன்றைக்கு அந்தப் பகிடியைச் சொல்லாமல் இருந்திருந்தால் நினைத்திருக்கவும் மாட்டேன்.

அவன் ஏன் அதைச் சொன்னான்? எத்தனையோ சொல் இருக்க, அந்தச் சொல்லை ஏன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்? முதலில் அப்படி நினைக்கவில்லை. படுத்த பிறகுதான் நினைத்தேன். அப்புறம் கவனிக்கத் தொடங்கினேன்.

கவனித்தால் எல்லாம் தெரிகிறது, ஐயா. நான் கோர்ட்டிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அடுப்படியில் அக்காளும் தம்பியும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடும். சிவமலர் திரும்பிச் சட்டியைக் கிளறுவாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போவான். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும் இப்படி. என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "சும்மா, ஊர்க் கதை," என்பாள். ஊர்க் கதை பேசுகிறவர்கள் நான் வந்தால் ஏன் நிறுத்த வேண்டும்?

ஒரு நாள் அவனே கேட்டான். "அத்தான், ஜாவாக்காரர் கோர்ட்டுக்கு வந்தால் நீங்கள் எப்பிடிச் சமாளிப்பியள்?"

"ஏன் கேக்கிறீர்?"

"சும்மாதான். அறிய ஆசையா இருக்கு."

"மலாய் தெரிஞ்சவனுக்கு எல்லாம் விளங்கும்," என்றேன்.

"அதுதான் நானும் என்சே யூசோப்பிட்டைச் சொன்னனான். எங்கடை அத்தானுக்கு எல்லாம் விளங்கும் எண்டு."

ஆக, வகுப்பிலும் என்னைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. எதற்காக நடக்க வேண்டும்?

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்சே யூசோப் கிள்ளானுக்கு ரயிலேறினார். ஆற்றுக்கு அப்பால் ஜாவாக்காரர் இருக்கும் கிராமத்துக்குப் போய் அவர்கள் பேச்சைக் கேட்டு வருவதாம். போக வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அவன் சாயங்காலம் சேறு படிந்த காலோடு, கொசு கடித்து வீங்கின முகத்தோடு, ரொம்ப சந்தோஷமாகத் திரும்பி வந்தான்.

"ஆரைக் கண்டனீர்?" என்றேன்.

"கனபேரை, அத்தான். வயசு போன ஆக்கள். நல்ல சனம். எங்களை இருத்தி வைச்சுக் கதை கதையாச் சொல்லிச்சினம்."

பெயர் கேட்கவில்லை. கேட்டால் நான் ஏன் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிடும் அல்லவா? அவனும் பெயர் சொல்லவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவன் தானாகவே நாலு பெயர் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றிற்று.

அன்றைக்குப் படுக்கப் போகும் முன் என்னிடம் வந்து நின்றான். கையைப் பிசைந்துகொண்டு, "அத்தான், உங்களிட்டை ஒரு விஷயம் கேக்கவேணும்," என்றான்.

"கேளுமன்."

"இப்ப வேண்டாம். பரீட்சை முடியட்டும். கேட்டால் நீங்கள் கோவிப்பியளோ தெரியேல்லை."

இதைக் கேட்டபிறகு ஒரு மனிதன் எப்படி நிம்மதியாக இருப்பான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பரீட்சை முடிய ஒரு மாதம்கூட இல்லை.

நான் எதுவும் செய்யவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கிள்ளானுக்குப் போய்வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து நடுங்கிக்கொண்டே வந்தான். மலேரியாதான். இந்த ஊரில் யாருக்கு வரவில்லை? கொயினா மருந்து கொடுத்தோம். மறுநாள் விட்டது, அதற்கு மறுநாள் முன்னைவிட மோசமாக ஏறியது. மூன்றாம் முறை ஏறினபோது பிதற்றத் தொடங்கினான்.

பிதற்றல் எல்லாம் வகுப்புப் பாடம். மலாயில் கேள்வி கேட்பான், அவனே பதில் சொல்வான். சீனத்தி குரலில் பேசுவான். நான் ஈரத்துணியைப் பிழிந்து அவன் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஓரா, ஓரா," என்றான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். தலையணை மேல் கிடந்தபடி, அந்தக் கிழவன் கூண்டில் நின்று ஆட்டினமாதிரியே. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் உறுதியாயிற்று.

சிவமலர் கையைப் பிடித்துக் கெஞ்சியதால் டாக்டரைக் கூட்டிவந்தேன். வெள்ளைக்கார டாக்டர். நல்ல மனிதர், அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இமையைப் பிதுக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். என்னைக் கூடத்துக்கு அழைத்து இங்கிலீஷில் சொன்னார்: "இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். ஊசி மூலம் மருந்து ஏற்றினால் பையன் பிழைப்பான். வீட்டில் வைத்திருந்தால் மூளைக்கு ஏறிவிடும்."

சிவமலர் கதவு மறைவில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. "டொக்டர் என்னவாம்?" என்றாள்.

நான் யோசித்தேன். ஆஸ்பத்திரி என்றால் நீண்ட கூடம். பக்கத்துக் கட்டிலில் யாரோ, எதிர்க்கட்டிலில் யாரோ. மலாய் தெரிந்த சிப்பந்திகள். அவன் பிதற்றிக்கொண்டே கிடப்பான். பிழைத்தால் பரீட்சை எழுதுவான், அப்புறம் என் முன்னால் வந்து நின்று அந்த விஷயத்தைக் கேட்பான்.

"பயப்பிட ஒண்டுமில்லையாம்," என்றேன். "ஆளை அசைக்கப்படாதாம். வீட்டிலையே வைச்சு, இதே மருந்தைக் குடுக்கட்டாம்."

அவள் வெளியே வந்து டாக்டரைப் பார்த்துக் கை கூப்பினாள். கண்ணில் நீர். தான் சொன்னதற்குச் சம்மதம் சொல்கிறாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டு தலையசைத்துவிட்டுப் போனார். பொழுது சாய்கிற நேரம், பையனை ஏன் இன்னும் கொண்டுவரவில்லை என்று கேட்க ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான். அவனை வாசலிலேயே நிறுத்தி, வீட்டார் நாட்டு வைத்தியரிடம் காட்டப் பிரியப்படுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் மத்தியானம் முத்துக்குமாரு போய்விட்டான். கடைசிவரை நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயில் தண்ணீர் விட்டதும் நான்தான். சவ ஊர்வலத்துக்கு வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். என்சே யூசோப் தெருவோரமாகக் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என் தோளைத் தொட்டு மலாயில் ஏதோ சொன்னார். உங்களைப் பற்றித்தான் எப்போதும் பேசுவான் என்றார். நான் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தேன். அவருக்கும் ஏதாவது தெரியுமோ என்று. ஒன்றும் தெரிந்த மாதிரி இல்லை.

சிவமலர் அழுது ஓய்ந்தாள். விதி என்று அவளே சொல்லிக்கொண்டாள். வீடு அமைதியாயிற்று. நானும் நன்றாகத் தூங்கினேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு இராசேஸ்வரிக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. சிவமலர் காப்பி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனாள். அங்கே அந்த டாக்டர் அவளை அடையாளம் கண்டு நின்றிருக்கிறார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். ஆகவே மலாயில் பேசியிருக்கிறார். தான் சொல்லியும் தம்பியை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவில்லை, கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று.

அவள் வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் சொன்ன மலாயிலேயே, ஒரு சொல் விடாமல்.

"உமக்கு மலாய் எப்பிடித் தெரியும்?" என்றேன். எனக்கு அதுதான் முதலில் கேட்கத் தோன்றியது.

"அவன்தான் படிப்பிச்சவன்," என்றாள். "வகுப்பிலை படிச்சதை அடுத்த நாள் அடுப்படியிலை வைச்சு எனக்குச் சொல்லித் தருவான். நீங்கள் வந்தால் நிப்பாட்டிப் போடுவம். அக்கா நல்லாப் பேசப் பழகினாப் பிறகு அத்தானுக்கு முன்னாலை திடீரெண்டு பேசிக் காட்டுவம், அவர் ஆச்சரியப்படட்டும் எண்டு சொல்லுவான்."

தட்டில் ஒட்டியிருந்த சோற்றை விரலால் ஒதுக்கினேன்.

"பரீட்சை முடிய உங்களிட்டை ஒண்டு கேக்க இருந்தவன். தெரியுமோ? கணக்கு எழுதுற கிராணி வேலை அவனுக்கு வேண்டாமாம். உங்களைப் போலை கோர்ட்டிலை துபாஷியா வரவேணுமாம். துரையிட்டை ஒரு சொல்லுச் சொல்லிவிடச் சொல்லி உங்களைக் கேக்க வெக்கப்பட்டுக்கொண்டு திரிஞ்சவன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "டொக்டர் என்ன சொன்னவர் எண்டு நான் கேட்டனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்றாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன். விடிந்ததும் அவள் தலையை வாரிக்கொண்டு தனியாக உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்திருக்கிறாள். இதுவரை பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குக்கூடத் தனியாகப் போனவள் இல்லை.

இவ்வளவுதான், ஐயா. டாக்டர் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன். அவன் சாகவேண்டும் என்பதற்காகச் சொன்னேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. அவன் கேட்க வந்தது வேலையைப் பற்றித்தான் என்று அவள் சொல்கிறாள். இருக்கலாம். அவளிடம் அப்படிச் சொல்லிவைத்திருக்கலாம். அவன் மனதில் வேறு என்ன இருந்தது என்று யார் கண்டது?

வீரம்மாவைப் பற்றிச் சொன்னபோது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அவள் இன்னும் சிறையில்தான் இருக்கிறாளா என்று கேட்டுவிட்டு, எழுந்து வெளியே போய்வந்தீர்கள். இருப்பாள். அந்த வழக்கை மறுபடி கிளறப்போவதாகவும், சாரிமானைத் தேடி ஆள் அனுப்பியிருப்பதாகவும் வெளியே கான்ஸ்டபிள் பேசிக்கொண்டான். என் காதில் விழுந்தது. அது உங்கள் இஷ்டம். கோர்ட்டு ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பு அது. நீதிபதி இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். என் மனைவி உங்கள் முன்னால் கொடுத்த வாக்குமூலத்தில் டாக்டர் பேசினதை மலாயிலேயே சொல்லியிருக்கிறாள். அடுப்படியில் படித்த மலாய், ஐயா. உச்சரிப்பு சுத்தமில்லை, ஒரு சொல் இன்னொரு சொல்லாகக் கேட்டுவிடும். கேசு கோர்ட்டுக்குப் போகிறபோது அதைத் தேர்ந்த ஒருவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பது நல்லது. ஆள் கிடைக்காவிட்டால் சொல்லியனுப்புங்கள், நானே செய்து தருகிறேன்.